மண்டல வாரியாக ஓட்டு மாறியதை எப்படி அளப்பது? 2011–2024 தமிழகக் கணக்கில் குழப்பம்

நொய்யல்வாசி (கேள்வி)

2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு வந்த தேர்தல்களில் ஆறை ஒரே ஷீட்டில் போட்டிருக்கிறேன். சட்டமன்றம் 2011, 2016, 2021. மக்களவை 2014, 2019, 2024. 234 தொகுதிகளையும் கொங்கு, வடக்கு, டெல்டா, தெற்கு, சென்னை வட்டாரம் என்று ஐந்தாகப் பிரித்து, கட்சி வாரியாக ஓட்டு சதவீதம் எடுத்தேன். வருகிற முடிவுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

கோவை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் பத்துக்குப் பத்தும் அதிமுக அணிக்கு. பத்தே மாதத்தில், 2022 பிப்ரவரியில், கோவை உட்பட 21 மாநகராட்சிகளும் திமுக அணியிடம். 2024இல் கோவை மக்களவைத் தொகுதியில் அதிமுக மூன்றாமிடம். இது கொங்கு கைமாறியதா, இல்லையா?

அடுத்தது பாமக. 2016இல் 5.3 சதவீதம், ஓர் இடம்கூட இல்லை. 2021இல் 3.8 சதவீதம், ஐந்து இடம். வளர்ந்ததா தேய்ந்ததா?

மூன்றாவது அதிமுக: 40.8 (2016), 33.3 (2021), 20.5 (2024). இதை வரைபடமாகப் போட்டால் மலையிலிருந்து உருளுகிற கல் மாதிரி இருக்கிறது. இதில் எவ்வளவு வாக்காளர் மனம் மாறியது, எவ்வளவு வெறும் கணக்கு? பூத் அளவுக்கு இறங்கினால்தான் விடை கிடைக்குமா?

ஏகாம்பரக்கணக்கு

பூத்துக்கு அப்புறம் போகலாம். உங்கள் ஷீட்டில் ஒரு நெடுவரிசை குறைகிறது: அந்தச் சின்னம் எத்தனை தொகுதியில் நின்றது என்பது. அது இல்லாமல் மாநில சதவீதத்தை ஒப்பிடுவது, அரைநாள் கடை திறந்தவன் வியாபாரத்தையும் முழுநாள் திறந்தவன் வியாபாரத்தையும் ஒப்பிடுவது போல.

2016இல் இரட்டை இலை 234 தொகுதியிலும் நின்றது. சிறு கட்சிகளும் அதே சின்னத்தில்தான். 2021இல் பாமகவுக்கு 23, பாஜகவுக்கு 20 விட்டுக்கொடுத்து, இலை நின்றது 191இல். 33.3ஐ 234ஆல் பெருக்கி 191ஆல் வகுங்கள். 40.8 வரும். அதாவது நின்ற இடங்களில் இலையின் சராசரி 2016இல் இருந்த அதே அளவு. எல்லாத் தொகுதியிலும் வாக்காளர் எண்ணிக்கை ஒன்றல்ல என்பதால் இது தோராயம்தான், துல்லியம் வேண்டுமென்றால் நின்ற தொகுதிகளின் செல்லத்தக்க வாக்குகளைக் கூட்டி வகுக்க வேண்டும். ஆனால் கல் உருளவில்லை என்பது தெரிந்துவிடும்.

சரி, அப்படியானால் இழப்பே இல்லையா? உண்டு, அது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. 2016இல் அதிமுக தனித்துப் பெற்றது 40.8. பாமக தனித்து 5.3. பாஜக 2.8. மூன்றும் 2021இல் ஒரே அணி. கூட்டினால் 49ஐத் தொட வேண்டும், வந்தது 39.7. ஒன்பது புள்ளி போயிருக்கிறது. எனவே கட்சி சதவீதத்தில் 7.5 புள்ளி வீழ்ச்சி என்பது தவறான காரணத்துக்காகக் கிடைத்த ஏறத்தாழ சரியான எண். தற்செயல். இன்னொரு தேர்தலில் இது உங்களைக் கவிழ்த்துவிடும்.

எங்கே கவிழ்க்கும் என்பதற்கு 2011ஐப் பாருங்கள். அதிமுக 38.4 (2011), 40.8 (2016), ஏறியது போலத் தெரியும். உண்மையில் 2011இல் தேமுதிகவும் இடதுசாரிகளும் சேர்ந்த அணிக்கு 52ஐ ஒட்டி வந்தது. 2016இல் அது 40.8. எதிர்ப்பக்கம் திமுக அணி இரண்டு தடவையும் 39 சொச்சம். 2011இல் பாமகவும் விசிகவும் உள்ளே, 2016இல் இரண்டும் வெளியே, அப்படியும் அதே எண். இந்த அசையாத 39தான் அந்த ஐந்தாண்டில் நடந்த பெரிய மாற்றம், யாரும் கவனிக்காதது.

பாமக விஷயமும் இதேதான். 3.8ஐ 23 தொகுதிக்குக் கணக்கிட்டால் 38, 39 வரும். அதில் பெரும்பகுதி இலைக்காரர்களின் ஓட்டு. 5.3 என்பது ஏறத்தாழ எல்லாத் தொகுதியிலும் தனியாக நின்று வாங்கியது, அதாவது சொந்த ஓட்டு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடவே கூடாது. பாமகவின் அணிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1998 அதிமுக, 1999 திமுக இருந்த பாஜக அணி, 2001 அதிமுக, 2004, 2006 திமுக, 2009 அதிமுக, 2011 திமுக, 2014 பாஜக, 2016 தனி, 2019, 2021 அதிமுக, 2024 பாஜக. இந்த நீளத்தில் சொந்த பலத்தை நேரடியாகக் காட்டுகிற ஆண்டு 2016 ஒன்றுதான்.

இந்தத் தொல்லையே இல்லாத கட்சி நாம் தமிழர். எப்போதும் தனி, எல்லா இடத்திலும் போட்டி. 1.1 (2016), 3.9 (2019), 6.6 (2021), 8.2 (2024). இதை அப்படியே ஒப்பிடலாம். உங்கள் ஷீட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் இந்தக் கட்சியை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, மண்டல எல்லை. 2021இல் கொங்கில் அதிமுக அணி எத்தனை என்று பத்து பேரைக் கேட்டால் பத்து எண் வரும். கோவை 10/10, திருப்பூர் 5/8, ஈரோடு 5/8, நீலகிரி 1/3, சேலம் 10/11, நாமக்கல் 2/6. ஆக 46க்கு 33. கரூரைச் சேர்த்தால் அங்கே 0/4, எனவே 50க்கு 33. தருமபுரி 5/5, கிருஷ்ணகிரி 3/6 இரண்டையும் சேர்த்தால் 61க்கு 41. மாநிலம் முழுக்க அந்த அணி வென்றது 75. அதில் 41 இந்த ஒரு வட்டாரத்தில், மீதி 173 தொகுதியில் 34தான். எல்லையை முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு எண்ணைப் பாருங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு எல்லை போடுகிற பழக்கம் தொலைக்காட்சி விவாதங்களுக்குப் போதும்.

மாவட்டப் பெயரை வைத்துக் கூட்டாதீர்கள். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், அடுத்து 2020இல் மயிலாடுதுறை என்று பிரிந்ததால் 2016 மாவட்டமும் 2021 மாவட்டமும் ஒன்றல்ல. கும்மிடிப்பூண்டி 1 முதல் கிள்ளியூர் 234 வரை தொகுதி எண்தான் திறவுகோல். மக்களவைக்கும் அதே எண். ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி, 39 முறை ஆறு 234, எதுவும் மிஞ்சாது. மக்களவை எல்லை மாவட்ட எல்லையைத் தாண்டும்: தருமபுரி மக்களவையில் மேட்டூர் இருக்கிறது, கோவை மக்களவையில் பல்லடம் இருக்கிறது.

வைகைமணல்

ஏகாம்பரம் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் 'அணி ஓட்டு' என்று கூட்டிக்கொண்டே போவதிலும் ஒரு பள்ளம் உண்டு. அணியில் யார் நிற்கிறார், எந்தச் சின்னத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அதே அணிக்கு அதே ஊரில் வேறு வேறு ஓட்டு விழும். இதை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை, 2019 ஏப்ரல் 18 அன்று தமிழகம் இதைச் சோதனைக்கூடம் மாதிரி நடத்திக் காட்டியது.

அன்று மக்களவையோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. ஒரே வாக்காளர், ஒரே வரிசை, ஒரே அறை, இரண்டு இயந்திரம். திண்டுக்கல் மக்களவைத் தொகுதியை அதிமுக அணி பாமகவுக்குக் கொடுத்திருந்தது. திமுக 5,38,972 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்தத் தொகுதிக்குள்ளேயே இருக்கிற நிலக்கோட்டையில், அதே நாளில், சட்டமன்றத்துக்கு ஜெயித்தது அதிமுக. பாமகவின் மாம்பழத்தைக் கண்டதும் நகர்ந்த கை, பக்கத்து இயந்திரத்தில் இலையைக் கண்டதும் திரும்பி வந்திருக்கிறது. தருமபுரியிலும் இதே கதை: மக்களவையில் பாமக தோற்றது, உள்ளே இருக்கிற அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டிலும் அதிமுக வென்றது.

எதிர்த்திசையிலும் உண்டு. அந்த முறை திமுக அணி இழந்த ஒரே தொகுதி தேனி. அங்கே அணி வேட்பாளர் காங்கிரஸ், கை சின்னம். ஆனால் தேனிக்குள் இருக்கிற ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் சட்டமன்றத்துக்கு உதயசூரியன் வென்றது. (ஆண்டிபட்டியில் இரண்டு கழக வேட்பாளர்களும் உடன்பிறந்தவர்கள் என்பது தனிச் சுவை.)

மே 19இல் நடந்த நான்கையும் சேர்த்து 22இல் திமுக 13, அதிமுக 9. மக்களவையில் 39க்கு 38 இழந்த அணி அந்த ஒன்பதால்தான் ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. 'அலை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

ஆகவே ஷீட்டில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் மூன்று தனித் தனி நெடுவரிசை வேண்டும்: கட்சி, சின்னம், அணி. தேர்தல் ஆணையத்தின் பட்டியல் சின்னத்தைத்தான் பார்க்கும். 2019இல் விழுப்புரத்தில் விசிக, ஈரோட்டில் மதிமுக, நாமக்கல்லில் கொமதேக, பெரம்பலூரில் ஐஜேகே எல்லாம் உதயசூரியனில் நின்றதால் ஆணையக் கணக்கில் திமுகதான். அதே ஆண்டு சிதம்பரத்தில் விசிக பானையில் நின்றது, 3,219 ஓட்டில் தப்பித்தது. 2024இல் விசிக இரண்டிலும் பானை. பட்டியலை அப்படியே இறக்கிப் போட்டால் விசிகவின் ஓட்டு ஐந்து வருஷத்தில் இரட்டிப்பானது போல ஒரு பொய்க்காட்சி வரும்.

கன்னியாகுமரியிலும் ஒரு சோதனை கிடைக்கும். 2021 ஏப்ரல் 6 அன்று அங்கே சட்டமன்றத்தோடு மக்களவை இடைத்தேர்தலும் நடந்தது. காங்கிரஸ் 1,37,950 வித்தியாசத்தில் பாஜகவை வென்றது. அதே நாளில் நாகர்கோவில் சட்டமன்றம் பாஜகவுக்கு, கன்னியாகுமரி சட்டமன்றம் அதிமுகவுக்கு. இந்த மாவட்டத்தை 'தெற்கு' மண்டலத்தில் சேர்க்காதீர்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி. போட்டி பெரும்பாலும் தேசியக் கட்சிகளுக்குள்தான். பாஜகவின் முதல் தமிழக சட்டமன்ற உறுப்பினர் 1996இல் பத்மநாபபுரத்திலிருந்துதான் போனார். ஆறு தொகுதிதான் என்றாலும், தெற்கின் சராசரியில் கலந்தால் பாஜக தெற்கு முழுக்கப் பரவியது போல ஒரு மாயை கிடைக்கும்.

உள்ளாட்சியைப் பற்றிக் கேட்டீர்கள். 2022ஐ இந்த வரிசையில் வைக்கவே வேண்டாம். நகர உள்ளாட்சித் தேர்தல் ஆளும் கட்சிக்குச் சாதகமாக விழுவது இங்கே வழக்கம். தெருவிளக்கும் குழாயும் யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் கவுன்சிலர் ஓட்டு. சட்டமன்றத்தைச் சட்டமன்றத்தோடு, மக்களவையை மக்களவையோடு.

பாகம்எண்7

பூத் அளவில் இறங்குவதாக இருந்தால் சில நடைமுறைத் தகவல்கள். மூல ஆவணம் படிவம் 20, இறுதி முடிவுத் தாள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதி வாரியாகக் கிடைக்கும். மக்களவைத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தொகுதி வாரியாகத் தனித் தனித் தாள் உண்டு. அதனால்தான் ஒப்பீடே சாத்தியம்.

பல தாள்கள் ஸ்கேன் செய்த படங்கள். எழுத்துணரி மென்பொருளில் போட்டால் 1, 7 இரண்டும், 3, 8 இரண்டும் மாறும். ஒவ்வொரு வரியையும் குறுக்கே கூட்டி, அந்த வரியில் அச்சாகியிருக்கும் மொத்தத்தோடு சரிபாருங்கள். பிறகு நெடுக்கே கூட்டி அடியில் இருக்கும் மொத்தத்தோடு. இரண்டும் ஒத்தால் மட்டும் அடுத்த தொகுதி. ஒரு வரி தவறினால் அதை மட்டும் கையால் தட்டுங்கள்.

தாளில் பெரும்பாலும் வேட்பாளர் பெயர் இருக்கும், கட்சி இருக்காது. போட்டியிடும் வேட்பாளர் பட்டியலான படிவம் 7அ-வை எடுத்து வரிசை எண்ணை வைத்துப் பொருத்த வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. பெயரை வைத்துப் பொருத்த முயன்றால் 2024 ராமநாதபுரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ.பன்னீர்செல்வத்தோடு அதே பெயரில் இன்னும் பலர் நின்றார்கள்.

பெரிய சிக்கல் பாக எண், அதாவது வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு சாவடிக்கும் உள்ள எண். 2021இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு போட்டு, மாநிலத்தில் 88,937 சாவடிகள் ஆயின. 2024இல் 68,321. இருபதாயிரம் சாவடி மாயமாகவில்லை, துணைச் சாவடிகள் தாய்ச் சாவடியோடு சேர்ந்துவிட்டன. 2021 தாளில் எண்ணோடு எழுத்து ஒட்டிய வரிகளை முதலில் தாய் எண்ணோடு கூட்டுங்கள். அதற்கு மேலும் எண்கள் நகர்ந்திருக்கும், எனவே பாக எண்ணை நம்பாமல் பள்ளிக்கூடத்தை, அதாவது சாவடி இருக்கும் கட்டடத்தைத் திறவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பள்ளியில் இருக்கும் நாலைந்து பாகங்களைச் சேர்த்து ஓர் அலகு. கிராமப்புறத்தில் இது ஏறத்தாழ ஓர் ஊராட்சி அளவுக்கு வரும், தேர்தலுக்குத் தேர்தல் நிலைத்து நிற்கும். நகரத்தில் வார்டுகள் உடைவதால் இதுவும் ஆடும்.

தபால் ஓட்டு எந்தப் பூத்திலும் சேராது, தாளின் அடியில் தனி வரி. 2021இல் 80 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தபால் வசதி கொடுத்ததால் அந்த வரி பெருத்திருக்கும். தியாகராய நகரில் 137, மொடக்குறிச்சியில் 281 என்று முடிந்த இடங்களில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு யார் எந்த ஊரில் ஜெயித்தார் என்று பேசுவது வீண்.

2016 மே மாத அறிக்கையில் 232 தொகுதிதான் இருக்கும். பணப்பட்டுவாடா புகாரில் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் தள்ளிப்போய் நவம்பர் 19இல் நடந்தன. 2019இல் வேலூர் அதே காரணத்தால் ஆகஸ்ட் 5க்குப் போனது. இந்த மூன்றையும் கையால் சேர்க்கும்போது ஒரு குறியீடு போட்டுவிடுங்கள், அவை வேறு காலநிலையில் விழுந்த ஓட்டு. நோட்டா 2013இல்தான் வந்தது, 2011இல் இல்லை. வகுக்கிற மொத்தத்தில் நோட்டாவைச் சேர்க்கிறீர்களா என்பதை எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதிரி முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்று. 'இந்தப் பூத்தில் இந்தச் சாதி' என்று எழுதிவைத்துக்கொண்டு அதன்மேல் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். வாக்காளர் பட்டியலில் சாதி கிடையாது. பட்டியல் சாதியினர் எண்ணிக்கை கிராம வாரியாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உண்டு. மற்ற சாதிகளுக்குப் பொதுவெளியில் இருக்கும் முழுக் கணக்கு 1931 உடையது. அதிமுக 200 குறைந்து பாமக 200 கூடினால் அந்த 200 பேர்தான் இடம் மாறினார்கள் என்றும் சொல்ல முடியாது; அதிமுகவின் 200 பேர் வராமல் இருந்திருக்கலாம், பாமகவுக்குப் புதிதாக 200 பேர் வந்திருக்கலாம். பூத் கணக்கு எந்த ஊர் என்று சொல்லும், எந்த ஆள் என்று சொல்லாது.

நொய்யல்வாசி

சின்னம், அணி, போட்டியிட்ட எண்ணிக்கை மூன்றும் சேர்த்துவிட்டேன். எல்லை: தருமபுரி, கிருஷ்ணகிரியைக் கொங்கில் போடாமல் தனியாக வைத்திருக்கிறேன். கரூர் கொங்கில்.

இப்போது கேள்வி சுருங்கிவிட்டது. இந்தத் திருத்தங்களுக்குப் பிறகும் மிஞ்சுகிற நிஜமான மாற்றம் எங்கே? அணிகளே கலைந்த 2019–2024ஐ எப்படிப் பார்ப்பது?

ஏகாம்பரக்கணக்கு

மாநில அளவில் முதலில். திமுக அணி 2019இல் 53ஐ ஒட்டி, 2024இல் 47ஐ ஒட்டி. ஆறு புள்ளி குறைந்தது, இடம் 38இலிருந்து 39 ஆனது. எதிர்த்தரப்பு 2019இல் ஒரே அணியாக 30 சொச்சம். 2024இல் இரண்டாக உடைந்து அதிமுக அணி 23, பாஜக அணி 18. கூட்டினால் 41. ஆனால் வைகைமணல் சொன்ன நிலக்கோட்டையை நினைவில் வையுங்கள். அந்த 41 ஒரே சின்னத்தில் விழுந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதோடு 2019இல் தனியாக நின்று 5 சதவீதத்தை ஒட்டி வாங்கிய, அதிமுகவிலிருந்து பிரிந்த அமமுக 2024இல் பாஜக அணியில் இருந்தது.

இந்த மாநில மாற்றத்தை ஒவ்வொரு தொகுதியின் மாற்றத்திலிருந்தும் கழியுங்கள். மாநிலம் முழுக்க 6 புள்ளி குறைந்திருக்க ஒரு தொகுதியில் 10 குறைந்தால் அந்த இடத்தின் சொந்த மாற்றம் 4தான். இந்த மிச்சத்தை மட்டும் வரைபடத்தில் வண்ணமிடுங்கள்.

கொங்கைப் பற்றி ஊடகங்களில் 2024 ஜூனில் வந்தவை பெரும்பாலும் கோவையை மட்டும் பார்த்து எழுதியவை. கோவையில் திமுக வென்று, பாஜக 1,18,068 பின்னால் இரண்டாவது, அதிமுக மூன்றாவது. நீலகிரியிலும் அதிமுக மூன்றாவது. ஆனால் பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் ஆறிலும் இரண்டாமிடம் அதிமுகதான். நாமக்கல்லில் தோற்றது முப்பதாயிரத்துக்கும் குறைவான ஓட்டில். கோவையிலும் பாஜக இரண்டாவது வந்தது புதிதல்ல. 1998, 1999இல் அங்கே வென்ற கட்சி. 2014இல் அதிமுகவிடம் தோற்றது 42 ஆயிரத்தில்.

வைகைமணல்

உண்மையில் இலை அதிகம் உதிர்ந்தது தெற்கில், பேசப்படுவது மேற்கு. 2024இல் அதிமுக ஏழு தொகுதியில் டெபாசிட் இழந்தது. அவற்றில் ஒன்றுகூடக் கொங்கில் இல்லை. தேனி, திருநெல்வேலி, கன்னியாகுமரி எல்லாம் அந்தப் பட்டியலில். மதுரையில் மூன்றாமிடம்.

இது 2024இல் தொடங்கியதும் அல்ல. 2021 சங்கரன்கோவிலைப் பாருங்கள்: அதிமுக தோற்றது சுமார் 5,300இல், அமமுக வாங்கியது 22 ஆயிரத்துக்கு மேல். இந்த மாதிரித் தொகுதிகளில் 'திமுகவுக்கு மாறினார்கள்' என்று எழுதுவது பிழை. அதே குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை.

டெல்டாவில் பெரிய புதிர் இல்லை. விவசாயத் தொழிலாளர் நடுவே இடதுசாரி அமைப்பு, அதோடு திமுக. இரண்டும் ஒரே அணியில் இருந்தால் எதிரணிக்கு மூச்சு வாங்கும். 2021இல் தஞ்சை, திருவாரூர், நாகை மூன்று மாவட்டத்தில் அதிமுகவுக்கு ஒரத்தநாடு, நன்னிலம், வேதாரண்யம் என்று மாவட்டத்துக்கு ஒன்று. மூன்றிலும் நின்றவர்கள் அமைச்சராக இருந்தவர்கள். அது மண்டலத்தின் ஓட்டு அல்ல, ஆளின் ஓட்டு.

பாகம்எண்7

வடக்கை ஒரே மண்டலமாக வைத்தால் பாமகவின் கதை புரியாது. 2021இல் வென்ற ஐந்தில் சேலம் மேற்கு, மேட்டூர், தருமபுரி, பென்னாகரம் நான்கும் சேலம்-தருமபுரிப் பட்டையில். விழுப்புரம் பக்கம் மயிலம் ஒன்றுதான். வன்னியர்களுக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2021 பிப்ரவரி 26இல் நிறைவேறியது, தேர்தல் தேதி அறிவித்த அதே நாள். அது விழுப்புரம், கடலூரில் எதிர்பார்த்த அறுவடையைத் தரவில்லை. தெற்கில் மற்ற சமூகங்களிடம் கசப்பு உண்டாக்கியது என்று அதிமுகவுக்குள்ளேயே பேச்சு. 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2021ஐ 2024உடன் வடக்கில் ஒப்பிடும்போது அந்த வாக்குறுதி முதலில் உயிரோடும் பிறகு இல்லாமலும் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேமுதிக ஓட்டு எங்கே கரைந்தது என்பதும் வடக்கின் கேள்விதான். 2006இல் தனியாக 8.4, விருத்தாசலம் ஒன்று, 2011இல் 41 இடத்தில் நின்று 29, 2016இல் 2.4, உளுந்தூர்பேட்டையில் கட்சித் தலைவருக்கே டெபாசிட் இல்லை, 2021இல் 0.4. அந்த 8 சதவீதம் ஒரே கட்சிக்குப் போகவில்லை. 2011ஐ அடிப்படை ஆண்டாக வைத்தால் கடலூர், விழுப்புரம் இரண்டிலும் அதிமுகவின் வீழ்ச்சி பெரிதாகத் தெரியும். அதில் பாதி இரவலாக வந்து போன தேமுதிக ஓட்டு. வடக்குக்கு மட்டும் 2016ஐ அடிப்படையாக வைத்துப் பாருங்கள்.

இலை இல்லாத இடத்தில் இலைக்காரர் என்ன செய்வார் என்பதற்கு 2024 ஜூலை விக்கிரவாண்டி இடைத்தேர்தல். அதிமுக புறக்கணித்தது. 2021இல் பாமக ஆதரவோடு அதிமுக அங்கே 84 ஆயிரம் வாங்கி 9,573இல் தோற்றது. 2024இல் பாமக மாம்பழத்தில் 56 ஆயிரம், திமுக 93 ஆயிரத்திலிருந்து 1.24 லட்சம், வித்தியாசம் 67,757. இடைத்தேர்தலில் ஆளும் கட்சிக்குக் கிடைக்கிற தள்ளுபடியைக் கழித்தாலும், இலை ஓட்டு முழுசாக மாம்பழத்துக்குப் போகவில்லை.

நொய்யல்வாசி

மாநில மாற்றத்தைக் கழித்து, அடிப்படை ஆண்டை வடக்குக்கு 2016 என்று மாற்றி ஓட்டினேன். கொங்கில் கோவை, நீலகிரி இரண்டும்தான் தனித்து நிற்கின்றன. மற்ற ஆறும் மாநிலத்தோடு ஒட்டியே நகர்கின்றன. கோவைக்குள்ளும் நகரத் தொகுதிகளையும் சூலூர், பல்லடத்தையும் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. கரூர் மட்டும் 2019இலிருந்து திமுக பக்கம் சாய்வாகவே இருக்கிறது. அதை மண்டல மாற்றம் என்று எழுதலாமா?

ஏகாம்பரக்கணக்கு

எழுத வேண்டாம். 2018 டிசம்பரில் செந்தில்பாலாஜி அமமுகவிலிருந்து திமுகவுக்கு வந்தார். அதற்கு முன் அதிமுக அமைச்சர். ஒன்றியச் செயலாளர்கள், பூத் ஆட்கள் என்று ஓர் அமைப்பே அவரோடு நகர்ந்தது. 2021இல் நாலுக்கு நாலு என்பதில் அதன் பங்கைப் பிரித்தெடுக்க ஒரு வழி உண்டு. கரூர் மக்களவைத் தொகுதிக்குள் வேடசந்தூர் (திண்டுக்கல் மாவட்டம்), மணப்பாறை, விராலிமலை எல்லாம் வருகின்றன. மாவட்ட எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் பள்ளிகளை எடுத்து 2016, 2021, 2024 மூன்றையும் வரிசையாக வையுங்கள். எல்லையில் கோடு கிழித்தது போல ஓட்டு முறிந்தால் அது அமைப்பு. எல்லையைத் தாண்டியும் அதே சரிவு தொடர்ந்தால் மட்டும் மண்டலம் என்று எழுதுங்கள்.